கைவேலையும் கணிப்பும்: ஆரம்பப் பாடசாலையில் விசையும் இயக்கமும்

"விசை என்பது யாது?" என்று ஆரம்பப் பாடசாலை மாணவன் ஒருவனைக் கேட்டால், "ஒரு பொருளைத் தள்ளுதலோ இழுத்தலோ விசை எனப்படும்" என்று தடையின்றி ஒப்புவிப்பான். அதே மாணவனை முற்றத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு விளையாட்டு வண்டியை உருட்டிவிட்டு, "இது சிறிது தூரம் ஓடியபின் நின்றுவிடுவது ஏன்?" என்று கேட்டால், "கொடுத்த விசை தீர்ந்துபோயிற்று" என்பான். முதல் விடை புத்தகத்தினுடையது. இரண்டாவது விடை அவனுடையது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பதை அவன் அறியான். பரீட்சையில் முதல் விடை மார்க்கு வாங்கித் தருவதால் உபாத்தியாயரும் பெற்றோரும் திருப்தியடைகின்றனர். ஆனால் அவன் வளர்ந்து ஏர், இயந்திரம், தராசு, மோட்டார் வாகனம் ஆகியவற்றைக் கையாளும்போது துணைக்கு வருவது இரண்டாவது விடையே. அது பிழையான விடை.

இப்பிழையை வார்த்தையால் திருத்த முடியாது. குழந்தையின் கையாலேயே திருத்த வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. கிராமத்தில் கிடைக்கும் பொருள்களும், பெரியோர் சிலருடைய ஓய்வு நேரமும், கூட்டுறவுச் சங்கத்தின் சிறு உதவியும் போதுமானவை. அது எவ்வாறு என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரிலேயே உள்ள பாடங்கள்

தென்காசி ஜில்லாவில், செங்கோட்டைக்கு அருகே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள பண்பொழியை உதாரணமாகக் கொள்ளலாம். அவ்வூரை அடுத்த திருமலையின் உச்சியில் குமாரசாமி கோயில் இருக்கிறது. அதற்குச் செல்லப் படிவழி ஒன்றும், வாகனங்கள் ஏறும் வளைந்த சாலை ஒன்றும் உண்டு. படிவழியே செல்பவர் குறைந்த தூரம் நடந்து மிகவும் களைக்கிறார். சாலைவழியே செல்பவர் நெடுந்தூரம் நடக்கிறார்; ஆனால் ஒவ்வோர் அடியிலும் அவருக்குச் சிரமம் குறைவு. இருவரும் சேரும் உயரம் ஒன்றே. சாய்தளத்தின் தத்துவம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. 1904-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கொல்லம்–செங்கோட்டை இரயில் பாதை மலையை நேராக ஏறாமல் வளைந்து வளைந்தும் குகைவழியே புகுந்தும் செல்வதற்கும் காரணம் இதுவே.

இவ்வாறே கிணற்றுக் கப்பி, பழைய ஏற்றம், கமலைச் சரிவில் இறங்கிய மாடுகள், குற்றாலச் சாரலோடு கணவாய் வழியே வீசும் காற்று, மேக்கரையில் அனுமன் நதியின் குறுக்கே கட்டப்பட்ட அடவிநயினார் அணையிலிருந்து வரும் நீர் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு பாடமாகும். குழந்தைகள் இவற்றைத் தினந்தோறும் பார்க்கின்றனர். பார்ப்பதும் அறிவதும் ஒன்றல்ல. பார்த்ததைச் சிறிய அளவில் தாமே கட்டி, அளந்து, மாற்றிப் பார்க்கும்போதுதான் அது அறிவாகிறது.

முன் நடந்த முயற்சிகள் தரும் படிப்பினை

கைவேலையின் மூலம் கல்வி என்னும் எண்ணம் புதிதன்று. 1937-ஆம் ஆண்டில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டுக்குப் பின்னர் ஆதாரக் கல்வி முறை நாடெங்கும் பேசப்பட்டது. தமிழ்நாட்டில் 1947-இல் தோன்றிய காந்திகிராமம் அம்முறையில் ஊக்கத்துடன் ஈடுபட்ட ஸ்தாபனங்களில் ஒன்று.

ஆனால் கைவேலைக்கும் கல்விக்கும் உள்ள தொடர்பைத் தவறாக அமைத்தால் நேரும் தீங்கையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1953-இல் சென்னை ராஜ்யத்தில் கிராம ஆரம்பப் பாடசாலைகளின் நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, மிகுதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. தச்சர் மகன் தச்சனாகவும், சலவைத் தொழிலாளி மகன் சலவைத் தொழிலாளியாகவுமே நிற்க இது வழிசெய்யும் என்று பலத்த எதிர்ப்பு எழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்ற அது 1954-இல் கைவிடப்பட்டது. ஆகவே இக்கட்டுரையில் கூறப்படும் கைவேலை எக்குழந்தையையும் ஒரு தொழிலில் பூட்டுவதற்கன்று. ஆண், பெண், எச்சாதி என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளும் எல்லா வேலையையும் செய்ய வேண்டும். உளி பிடித்தறியாத வீட்டுக் குழந்தை உளி பிடிக்கவும், உளி பிடிக்கும் வீட்டுக் குழந்தை தன் தந்தையின் கைவேலையிலுள்ள கணக்கைக் கண்டு எழுதவும் இடமிருந்தால்தான் அது கல்வியாகும்.

1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் ஜில்லாவில் 16 நடுநிலைப் பாடசாலைகளில் ஒரு விஞ்ஞானப் பயிற்சித் திட்டம் தொடங்கிற்று. மாணவர் குழுக்களாக அமர்ந்து எளிய பொருள்களைக் கொண்டு தாமே பரிசோதனை செய்து முடிவு கண்டனர். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே பரீட்சை எழுதினர். மனப்பாடத்துக்கு அங்கு மதிப்பில்லை. பின்னர் பல நூறு பாடசாலைகளுக்குப் பரவிய அத்திட்டத்தை அரசாங்கம் 2002-இல் நிறுத்திவிட்டது. அதில் பங்குகொண்ட அரவிந்த் குப்தா என்பவர் தீக்குச்சி, சைக்கிள் வால்வு ரப்பர், பழைய காகிதம் முதலியவற்றால் விஞ்ஞானப் பொம்மைகள் செய்யும் முறைகளைப் புத்தகங்களாக்கி நாடெங்கும் பரப்பினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பாடசாலைகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பமாயிற்று; சில ஆண்டுகளில் அது ராஜ்யம் முழுவதிலும் உள்ள அரசாங்க ஆரம்பப் பாடசாலைகளுக்கு விரிந்தது. 2022-இல் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குப் பரிசோதனைகளைக் கொண்டுசென்றது. அவ்வகுப்புகளுக்கு வந்து சேரும் குழந்தை வெறுங்கையோடு வராதபடி அடித்தளமிடுவது ஆரம்பப் பாடசாலையின் கடமை.

கணித்தல், செய்தல், அளத்தல்

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். குழந்தைகள் ஒரு வண்டியைச் செய்து, வர்ணம் பூசி, மேஜைமேல் வைத்துவிட்டால் அது அழகிய கைவேலையே, விஞ்ஞானம் அன்று. செய்வதற்கு முன் ஒவ்வொரு குழந்தையும், "என்ன நடக்கும்?" என்று தன் கணிப்பைக் கரும்பலகையில் பதிய வேண்டும். பின்னர் செய்து அளக்க வேண்டும். கணிப்புப் பொய்த்தால் காரணம் தேட வேண்டும். அடுத்த முறை ஒரே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் பலன் மாறிற்று என்பது விளங்காது. பொய்த்த கணிப்புக்காக எக்குழந்தையும் நாணும்படி விடலாகாது. பாடம் அங்கேதான் தொடங்குகிறது.

அளப்பதற்குரிய கருவியையும் குழந்தைகளே செய்துகொள்ளலாம். பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு மெல்லிய நாடாவை வெட்டி, ஒரு பட்டையின் தலைப்பில் கட்டித் தொங்கவிட வேண்டும். அதன் முனையில் ஒரே எடையுள்ள கற்களை ஒன்று, இரண்டு, மூன்று எனக் கட்டி, நாடா நீளும் இடத்தைப் பட்டையில் குறிக்க வேண்டும். விசையை அளக்கும் தராசு ஆயத்தமாகிவிட்டது.

முதற் பாடம்: சாய்தளம்

நான்கு அடிப் பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கற்களின்மேல் ஓர் அடி உயரத்தில் வைக்க வேண்டும். ஒரு கல்லை முதலில் நேரே மேல்நோக்கித் தூக்கி, ரப்பர்த் தராசு காட்டும் அளவைக் குறிக்க வேண்டும். பின்னர் அதே கல்லைச் சிறு வண்டியில் வைத்துப் பலகைவழியே இழுத்து அளக்க வேண்டும். உராய்வு என்பதே இல்லையானால், நான்கு அடிச் சரிவில் ஓர் அடி உயர நாலில் ஒரு பங்கு விசையே போதும். ஆனால் இழுக்கும் தூரம் நான்கு மடங்காகும். உண்மையில் வண்டியின் எடையும் சேர்வதாலும் உராய்வு இருப்பதாலும் சற்று அதிகமாகவே காட்டும். அந்த மிகுதி எங்கிருந்து வந்தது என்று கேட்பதே அடுத்த பாடத்துக்கு வாயில். பின்னொரு நாள் குழந்தைகளைத் திருமலையின் அடியில் நிறுத்தி, படிவழியையும் சாலையையும் காட்டினால் விளக்கம் கூற வேண்டிய அவசியமே இராது.

இரண்டாம் பாடம்: வண்டியும் உராய்வும்

தேய்ந்த ரப்பர்ச் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டிய நான்கு சக்கரங்களும், மூங்கிற் குச்சியால் அச்சும், அட்டைப் பெட்டியால் உடலும் கொண்டு வண்டி செய்யலாம். கோடைக் காலமாயின் நுங்குக் கூந்தலே சக்கரமாகும். முதலில் செய்யும் வண்டிகளுள் பாதி நேராக ஓடாது. துளை நடுவில் இல்லாத சக்கரம் தள்ளாடும். இறுகிய அச்சு சுழலாது. உபாத்தியாயர் தாமே திருத்திக் கொடுத்துவிடலாகாது. எங்கே தடைப்படுகிறது என்று குழந்தை தேடிக் காண்பதே பாடம்.

ஓடும் வண்டியைச் சாய்பலகையின் ஒரே இடத்திலிருந்து கைதள்ளாமல் விட்டு, கீழே சிமெண்டுத் தரை, கோணிப்பை, மணல் ஆகிய மூன்றின்மேலும் அது ஓடும் தூரத்தை அளக்க வேண்டும். தரை வழவழப்பாக ஆக ஆகத் தூரம் கூடுவதைக் குழந்தைகள் காண்பர். "தரை இன்னும் வழவழப்பானால்? தடையே இல்லாவிட்டால்?" என்று கேட்க வேண்டும். விசை தீர்ந்ததால் வண்டி நிற்கவில்லை, எதிர்த்த உராய்வே அதை நிறுத்திற்று என்ற உண்மை அப்போது தானே வெளிவரும்.

இனி, ஒரே மாதிரியான இரு வண்டிகளில் ஒன்றில் மட்டும் கற்களை ஏற்றி, இரண்டையும் ஒருங்கே சரிவில் விட வேண்டும். பாரவண்டியே முந்தும் என்று பெரும்பாலார் கணிப்பர். அச்சுகள் நன்கு சுழலுமானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேரும். ஆனால் கீழே வைத்த தீப்பெட்டியைப் பாரவண்டியே அதிக தூரம் தள்ளும். பாரமேற்றிய வாகனத்தை நிறுத்துவது ஏன் கடினம் என்பதும், சாலையில் அதன் முன்னே ஓடுவது ஏன் ஆபத்து என்பதும் இதனால் விளங்கும். இத்தாலிய விஞ்ஞானி கலிலியோ சாய்ந்த பலகையில் குண்டை உருட்டி, பாத்திரத்திலிருந்து ஒழுகிய நீரை நிறுத்துக் காலத்தை அளந்ததாக 1638-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அடியில் துளையிட்ட தகரக் குவளையைக் கொண்டு கிராமக் குழந்தைகளும் அவ்வாறே காலத்தை அளக்கலாம்.

மூன்றாம் பாடம்: நெம்புகோலும் தராசும்

இரண்டு அடி மூங்கிற் பட்டையின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, இருபுறமும் அங்குலக் குறிகள் இட வேண்டும். ஒருபுறம் 6 அங்குலத்தில் 2 நாணயங்களைத் தொங்கவிட்டால், மறுபுறம் 4 அங்குலத்தில் 3 நாணயங்களோ, 3 அங்குலத்தில் 4 நாணயங்களோ அதைச் சமன் செய்யும். எடையைத் தூரத்தால் பெருக்கினால் மூன்றிலும் 12 வருவதைக் குழந்தைகளே கண்டுபிடிக்கட்டும். நீண்ட கடப்பாரையால் பெருங்கல்லைப் புரட்டுவதும், ஏற்றத்தின் பின்முனையில் பாரம் கட்டியதும் இக்கணக்கே.

இப்பாடம் சங்க அங்கத்தினர்களின் பணப்பையையும் தொடுவதாகும். ஒரு தராசின் வெற்றுத் தட்டுகள் சமமாக நின்றாலும், அதன் கோல் இருபுறமும் சம நீளமாக இல்லாதிருக்கலாம். ஒரு கை 10 அங்குலமும் மறுகை 11 அங்குலமும் உள்ள தராசில், குட்டைப் பக்கத்தில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்து நீண்ட பக்கத்தில் சரக்கை வைத்தால் ஏறக்குறைய 909 கிராம் சரக்கே கோலைச் சமன் செய்துவிடும். வாங்குபவருக்கு 91 கிராம் நஷ்டம். பக்கத்தை மாற்றி வைத்தாலோ, தம் விளைச்சலை விற்கும் குடியானவர் 1,100 கிராம் கொடுத்து ஒரு கிலோவுக்கே விலை பெறுவார். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது: சரக்கையும் படிக்கல்லையும் தட்டு மாற்றி வைக்க வேண்டும். கோல் சாய்ந்தால் தராசில் குற்றமுண்டு. தான் செய்த தராசில் வேண்டுமென்றே ஒரு கையைக் குட்டையாக்கி, பிறகு தட்டு மாற்றி அக்குற்றத்தை வெளிப்படுத்திய குழந்தை அதை ஒருநாளும் மறக்காது, வீட்டிலுள்ளோருக்கும் கற்பிக்கும்.

நான்காம் பாடம்: கப்பி

காலியான நூற்கண்டுக் கட்டையைக் கம்பியில் கோத்தால் கப்பியாகும். விட்டத்தில் கட்டிய ஒரு கப்பியின் வழியே கல்லை இழுத்தால் ரப்பர்த் தராசு நேரே தூக்கியபோது காட்டிய அளவுக்குக் குறையாமலே காட்டும். கிணற்றுக் கப்பி பாரத்தைக் குறைப்பதில்லை. இழுக்கும் திசையையே மாற்றுகிறது. குனிந்து மேலே இழுப்பதை விடத் தன் உடல் எடை துணைநிற்கக் கீழே இழுப்பது எளிது, அவ்வளவே. இனி, கயிற்றின் ஒரு முனையை விட்டத்தில் கட்டி, கல்லைச் சுமந்த கப்பி அக்கயிற்றின்மேலே ஓடும்படி அமைத்தால், ஏறக்குறையப் பாதி விசையே போதும்; ஆனால் கயிற்றை இரு மடங்கு இழுக்க வேண்டும். சாய்தளத்தில் கண்ட அதே நியாயம் இங்கும் வந்து நிற்கிறது: விசையில் மிச்சம் பிடித்தால் தூரத்தில் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் பாடம்: நீர்ச்சக்கரமும் காற்றாடியும்

கிழங்கு அல்லது தக்கையில் தகரத் துண்டுகளைச் செருகி, நடுவே ஈர்க்குக் கம்பி பாய்ச்சினால் நீர்ச்சக்கரமாகும். அச்சில் ஒரு நூலைக் கட்டி, அதன் முனையில் சிறு கல்லைத் தொங்கவிட்டு, குடத்து நீரை மேலிருந்து ஊற்ற வேண்டும். நீர் விழும் உயரத்தைக் கூட்டினால் கல் விரைந்து ஏறுவதைக் காணலாம். 1944 முதல் பாபநாசத்தில் மின்சாரம் எடுக்கப்படுவதும் தாமிரபரணி நீர் உயரத்திலிருந்து இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றுவதாலேயே. அவ்வாறே ஓலைக் காற்றாடி செய்து, இதழ்களின் சாய்வை மாற்றி, எந்தச் சாய்வில் அதிக வேகம் வருகிறது என்று பார்க்கலாம். ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் காற்று இதற்கு வேண்டிய அளவு கிடைக்கும். கணவாய்க்குக் கிழக்கேயுள்ள சமவெளியில் நிற்கும் பெரிய காற்றாலைகளின் தத்துவமும் அதுவே என்று குழந்தைகள் உணர்வர்.

காக்க வேண்டிய எல்லைகள்

நீர்ப்பாடத்துக்காகக் குழந்தைகளை ஆற்றுக்கோ கால்வாய்க்கோ அழைத்துச் செல்லலாகாது. மலையில் பெய்யும் மழையால் அடிவாரத்து ஓடைகளில் திடீரென வெள்ளம் வருவது இப்பகுதியில் வழக்கம். குடமும் வாளியுமே போதும். செய்த வண்டிகளில் அமர்ந்து மலைச்சாலையில் உருண்டு வருதல் முற்றிலும் தகாது. அறுத்தலும் தகரம் வெட்டுதலும் பெரியோர் பக்கத்தில் நிற்கும்போதே நடைபெற வேண்டும். தகரத்தின் ஓரங்களை மடித்துத் தட்டிய பின்னரே குழந்தைகள் கையில் கொடுக்க வேண்டும்.

சங்கம் செய்யக்கூடியவை

ஆயத்தமாக விற்கும் விஞ்ஞானப் பெட்டிகளை வாங்கிப் பாடசாலைக்கு அன்பளிப்புச் செய்வது எளிது. உடைந்துவிடும் என்ற அச்சத்தால் அவை பீரோவில் பூட்டப்படுவதும் எளிது. அதற்கு மாறாகச் சங்கம் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலாவது, ஒரு கருவிப்பெட்டி: சிறு இரம்பம் ஒன்று, சுத்தியல் இரண்டு, குறடு ஒன்று, துளையிடும் கருவி ஒன்று, அடிக்கோல்கள் சில, சணல் கயிறு. சங்கத்தின் உபவிதிகள் இடந்தருமாயின், இலாபத்திலிருந்து பொதுநன்மைக்கு ஒதுக்கும் நிதியில் இச்சிறு செலவைச் செய்யத் தீர்மானிக்கலாம். பெட்டிக்கு ஓர் இருப்புப் புத்தகம் வைத்து, அதை மாணவர்களே முறைப்படி எழுதிவரட்டும். கூட்டுறவின் முதற் பாடமும் அதனோடு கற்கப்படும்.

இரண்டாவது, கழிவுப் பொருள்கள்: உரம், விதை வந்த பெட்டிகள், சாக்குகள், சைக்கிள் கடையில் ஒதுக்கிய டியூபுகள், மூங்கில் துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க அங்கத்தினர்களே போதும்.

மூன்றாவது, அனுபவஸ்தர்களின் நேரம்: ஊரிலுள்ள தச்சர், கொல்லர், மோட்டார் பழுது பார்ப்பவர், கமலை ஓட்டி அனுபவமுள்ள முதிய குடியானவர் ஆகியோரை மாதத்துக்கு ஒரு முறை உபாத்தியாயரின் அழைப்பின்பேரில் பாடசாலைக்கு வரச் செய்யலாம். வேலையைச் செய்து கொடுப்பதற்காக அவர்கள் வரவில்லை. குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூறவே வருகிறார்கள். தம் கைக்குப் பழகிப்போன வேலைக்குள் இவ்வளவு கணக்கு இருக்கிறதா என்று அவர்களே வியப்படைவதும் உண்டு. தொழிலாளியின் அறிவுக்குப் பாடசாலையில் நாற்காலி இடப்படும்போது, அவன் பிள்ளை தலைநிமிர்ந்து உட்காருகிறது.

நான்காவது, வருஷத்துக்கு ஒரு முறை, சங்கத்தின் பொதுக்கூட்டத்தன்று ஒரு சிறு கண்காட்சி. அதில் அழகுக்குப் பரிசளிக்கலாகாது. ஒவ்வொரு குழந்தையும் தான் முதலில் என்ன கணித்தது, என்ன நடந்தது, எதை மாற்றிற்று என்ற மூன்றையும் சபையில் கூறட்டும். ஓடாத வண்டியைக் காட்டி அது ஓடாத காரணத்தைச் சரியாகக் கூறும் குழந்தைக்கே முதற் பரிசு தகும். அன்றைய தினம் குழந்தைகள் சங்கத்தில் தராசு இருப்பின் அதையும் தட்டு மாற்றிச் சோதிக்கட்டும். சங்க நிர்வாகிகள் அச்சோதனையை மகிழ்வுடன் ஏற்பார்களாயின் குழந்தைகளின் கல்வி, அங்கத்தினரின் நம்பிக்கை ஆகிய இரண்டும் ஒருங்கே வளரும்.

ஒரு பலகை, சில செங்கற்கள், ஒரு சைக்கிள் டியூப், ஒரு நூற்கண்டுக் கட்டை ஆகியவை எக்கிராமத்திலும் கிடைக்காதவை அல்ல. கிடைக்காதிருப்பது, "என்ன நடக்கும் என்று நீ நினைக்கிறாய்?" என்று குழந்தையைக் கேட்டு, விடைக்குக் காத்திருக்கும் பொறுமையே. அப்பொறுமையை உபாத்தியாயருக்கு உண்டாக்கும் சாதனங்களையும் அவகாசத்தையும் அளிப்பது ஒவ்வொரு கிராமச் சங்கத்தின் சக்திக்கும் உட்பட்டது. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கருவிப்பெட்டியைப் பற்றிய ஒரு தீர்மானத்தைச் சேர்த்துக்கொள்வதிலிருந்து அங்கத்தினர்கள் இப்பணியைத் தொடங்கலாம்.